கட்டத்தை எண்ணுங்கள், காலத்தையும் எண்ணுங்கள்!



நம்மில் பலர் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு துணிச் சுருள் கிடக்கும். பிரித்துப் பார்த்தால் பாதி அன்னம், கால்வாசி தாஜ்மகால், தும்பிக்கை மட்டும் முடிந்த பிள்ளையார்! குத்திய ஊசி குத்தியபடியே துருப்பிடித்து நிற்கும். "கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது, அப்புறம் எங்க நேரம்?" என்று சொல்லி மறுபடி சுருட்டி உள்ளே வைத்துவிடுவோம்.

நேரம் கிடைக்காதது ஒரு காரணம்தான். பெரும்பாலும் கணக்குப் போடாமல் ஆரம்பிப்பதால்தான் இந்த வேலை பாதியில் நிற்கிறது. துணி எவ்வளவு, நூல் எவ்வளவு, நாள் எத்தனை என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் பாதி தைத்து முடித்த மாதிரி. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். கடைசியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது ரொம்ப முக்கியம். அதனால் பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

கோலம் தெரிந்தால் இதுவும் தெரியும்

நான் சொல்வது துணியில் பென்சிலால் பூ வரைந்து அதன் மேல் தைக்கும் எம்பிராய்டரியை அல்ல. மேட்டித் துணியிலோ, கண் கண்ணாகத் தெரியும் கேன்வாஸ் துணியிலோ கட்டத்தை எண்ணி எண்ணித் தைக்கும் வேலை. துணியில் ஒரு கோடுகூட இருக்காது. கிராஃப் பேப்பரில் உள்ள ஒரு கட்டத்துக்குத் துணியில் ஒரு தையல். மேட்டியில் இரண்டு சாய்வுத் தையல் குறுக்கே விழுந்தால் கிராஸ் தையல். கேன்வாஸில் உல்லன் நூலால் ஒரு சாய்வு போட்டாலே கட்டம் மூடிக்கொள்ளும்.

"கணக்கு எனக்கு வராது" என்று யாரும் பயப்பட வேண்டாம். மார்கழி மாதம் வாசலில் "15 புள்ளி, 15 வரிசை, நேர்ப்புள்ளி" என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே கோலம் போடுகிறவர்கள்தானே நாம்? நேர்ப்புள்ளியில் நேர்க்கோட்டில் வரும் கோலம் எதுவானாலும் அப்படியே கிராஃப் பேப்பரில் ஏறும். ஊடுபுள்ளிக் கோலமும் சிக்குக் கோலமும் மட்டும் கொஞ்சம் தகராறு செய்யும்.

நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் படத்தைப் பார்க்காமலே இழை எண்ணித் தைக்கிறார்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓட்டிய அந்தப் போர்வைக்குப் புத்துக்குளி என்று பெயர். துணியின் இழையை விரலால் தடவி எண்ணித்தான் ஒவ்வொரு பூவும் வருகிறது. 2013ஆம் ஆண்டு தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்ததே, அதே குறியீடு!

கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டிய படங்களை அச்சடித்து விற்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பரவியது. அதனால் கேன்வாஸில் கம்பளி நூலால் தைப்பதற்கு 'பெர்லின் வேலை' என்றே பெயர் வந்தது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் 'வெல்கம்' படமும் கிளி ஜோடியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

நமக்குப் பழக்கமான ஆங்கர் நூலுக்கும் நம் பக்கத்துக்கும் உறவு உண்டு. அதை நம் கடைகளுக்குக் கொண்டுவந்த மதுரா கோட்ஸ் கம்பெனியின் வேரைத் தேடிப் போனால், பாபநாசம் தண்ணீரின் வேகத்தை நம்பி 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலைக்குத்தான் போய்ச் சேர்வோம்.

முதல் கணக்கு: துணி

மேட்டித் துணியை வாங்கும்போது "ஒரு அங்குலத்துக்கு எத்தனை கட்டம்?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் ஒரு ஸ்கேலை வைத்து நாமே எண்ணிவிடலாம். 11, 14 என்ற இரண்டு அளவும் பரவலாகக் கிடைக்கும். 40 வயது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் 11 கட்டத் துணியை எடுத்தால் கண்ணுக்குச் சுகம்.

ஒரு மயில் படம் 110 கட்டம் அகலம், 154 கட்டம் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 11 கட்டத் துணியில் அகலம் 10 அங்குலம், உயரம் 14 அங்குலம் வரும். அதே படம் 14 கட்டத் துணியில் 8க்கு 11 அங்குலமாகச் சுருங்கிவிடும். ஃப்ரேம் போடுகிறவர் இழுத்து மடிக்க நான்கு பக்கமும் 3 அங்குலம் வேண்டும். ஆக 11 கட்டத் துணி என்றால் 16க்கு 20 அங்குலம் வெட்ட வேண்டும். இந்த 3 அங்குலத்தை விடாமல் படம் முடிந்த பிறகு கண்ணைக் கசக்கியவர்கள் நிறையப் பேர்.

முதன்முதலாகப் பழகும் பிள்ளைகளுக்குத் துவைத்த சாக்குத் துணியும் உல்லன் நூலும் போதும். மிதியடியாகத் தைக்கலாம். ஆனால் சாக்கில் நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் ஒரே எண்ணிக்கையில் இருக்காது. 10 கட்டத்துக்கு 10 கட்டம் தைத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். சதுரம் நீளவாக்கில் இழுத்திருந்தால் மயிலும் கொக்கு மாதிரி நீண்டுவிடும்!

இரண்டாவது கணக்கு: நூல்

110ஐ 154ஆல் பெருக்கினால் 16,940. துணி முழுவதும் தைத்தால் அத்தனை தையல்! மலைக்காதீர்கள். ஒரு கண்டு ஆங்கர் நூல் 8 மீட்டர், அதில் 6 இழை. 11 கட்டத் துணிக்கு மூன்று இழை கோத்துத் தைத்தால் ஒரு கண்டில் ஏறக்குறைய 1,000 கிராஸ் தையல் வரும். மயிலுக்கு 7,000 தையல், பின்னணிக்கு 9,940 என்றால், மயிலுக்கு 7 கண்டு, பின்னணி நிறத்துக்கு 10 கண்டு. கைக்காவலுக்கு இரண்டு சேர்த்து 19.

இந்தப் பின்னணி நூலை ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். "காசு வர வர வாங்கிக்கலாம்" என்று நாலு கண்டாக வாங்கினால், அடுத்த தடவை அதே நம்பர் நூலிலும் சாயம் ஒரு மாற்று வித்தியாசப்படலாம். கையில் பார்த்தால் தெரியாது. சுவரில் மாட்டினால் நடுவில் பட்டையாகத் தெரியும். மொத்தமாக வாங்கக் கை இடிக்கிறதா? மேட்டித் துணியில் பின்னணியைத் தைக்காமல் வெள்ளையாகவே விட்டுவிடலாம். கேன்வாஸில் அப்படி விட முடியாது, கண்கள் தெரியும். ஆக, கேன்வாஸா மேட்டியா என்ற முடிவை மணிபர்ஸையும் கேட்டு எடுங்கள்.

உல்லன் நூலுக்கு வேறு வழி. ஒரு சதுர அங்குலம் தைத்து, அதற்கு எவ்வளவு நூல் போனது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 10க்கு 14 படம் என்றால் 140 சதுர அங்குலம். பெருக்கினால் தீர்ந்தது.

இப்போது செல்போனில் ஒரு போட்டோவைக் கொடுத்தால் கட்டம் கட்டமாக மாற்றித் தரும் வசதி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அது 60 நிறம், 70 நிறம் என்று கேட்கும். ஒவ்வொன்றிலும் பத்துத் தையல்தான் இருக்கும்! நிறத்தை 8 அல்லது 10 என்று நாமே குறைத்துவிட வேண்டும். எட்டயபுரம் நமக்குப் பக்கம்தானே? பாரதியாரின் முண்டாசும் மீசையும் கறுப்பு ஒரே நிறத்தில் அழகாக வரும். வெடித்த பருத்திக்காய், கம்பங்கதிர், பனைமரம், கழுகுமலை வெட்டுவான்கோவில் விமானம் எல்லாம் கிராஃப் பேப்பரில் ஏறக் காத்திருக்கின்றன. சுவிட்சர்லாந்து வீட்டையும் பனிமலையையும் எத்தனை நாள் தைப்பது?

மூன்றாவது கணக்கு: நாள்

என் கை ஓட்டத்துக்கு ஒரு மணி நேரத்தில் 120 கிராஸ் தையல் வரும். உங்களுக்கு எவ்வளவு என்று ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துத் தைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். 16,940ஐ 120ஆல் வகுத்தால் 141 மணி நேரம். தினம் ஒரு மணி என்றால் 141 நாள்.

நம் கரிசல் பூமியில் வேலைக்கும் ஓய்வுக்கும் மாதம் உண்டு. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பு, பிறகு களையெடுப்பு, தை மாசியில் அறுப்பு, அதன்பின் பருத்தி எடுப்பு. சித்திரையிலிருந்து ஆவணி வரை மானாவாரிக் காடு சும்மா கிடக்கும். சித்திரை முதல் நாள் ஊசி கோத்தால் ஆவணி பாதியில் மயில் முடிந்துவிடும். கொலு வைக்கிற நவராத்திரிக்குச் சுவரில் ஏற்றிவிடலாம். காடு கரை இல்லாதவர்களுக்கும், பிள்ளைகளின் பரீட்சை முடிந்த பிறகு ஆரம்பிப்பதுதான் தோது.

தைக்கத் தொடங்கும் முன்

துணியின் ஓரத்தை முதலில் சுற்றித் தைத்துவிடுங்கள், இழை பிரியாது. நான்காக மடித்தால் நடு மையம் தெரியும். படத்தின் மையத்தையும் துணியின் மையத்தையும் ஒன்றாக வைத்து அங்கிருந்து ஆரம்பியுங்கள். 10 கட்டத்துக்கு ஒரு தடவை வெளிர் நிற நூலால் நீளத் தையல் ஓட்டிக்கொண்டால் எண்ணிக்கை தப்பாது. ஒரு கட்டம் தப்பினால் மயிலின் கழுத்து உடம்போடு சேராது. பிரிப்பதுதான் ஒரே வழி!

முனை மழுங்கிய ஊசி வாங்குங்கள். கூர் ஊசி இழையைக் கிழிக்கும். நூல் முழங்கை அளவு, 18 அங்குலம் போதும். நீளமாகக் கோத்தால் சிக்கு விழும், நூலும் பஞ்சாகும். பின்பக்கம் முடிச்சுப் போடாமல், நூல் முனையைத் தையலுக்குள் நுழைத்து விடுங்கள். மேலே விழும் சாய்வு படம் முழுவதும் ஒரே திசையில் இருக்க வேண்டும். திசை மாறினால் வெளிச்சம் பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேன்வாஸில் ஒரே சாய்வாகத் தைப்பதால் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஃப்ரேமில் கட்டித் தைத்தால் கோணல் குறையும். முடிந்த பிறகு லேசாக ஈரப்படுத்தி, மரப் பலகையில் வெள்ளைத் துண்டு விரித்து, நான்கு மூலையையும் சதுரமாக இழுத்துப் பின் குத்தி நிழலில் காயவிடுங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஆடிக் காற்றும் கரிசல் புழுதியும். வெள்ளை மேட்டியில் அந்தப் புழுதி ஏறினால் லேசில் போகாது. தைக்காத நேரத்தில் பழைய பருத்திச் சேலைத் துணியில் சுற்றித் தலையணை உறைக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் உள்ளே புழுங்கும். இரண்டு, தண்ணீர். அலசுவதற்கு உப்புத் தண்ணீர் ஆகாது. குடிதண்ணீரில் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் சோப்பு நன்றாகப் போகும்படி அலசுங்கள். நாள் எண்ணிக் குடிதண்ணீருக்குக் காத்திருந்த ஊர் நம்முடையது. ஒரு வாளி போதும், அலசின தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிடலாம். அலசும் முன் சிவப்பு, நீல நூலை ஈரப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். சாயம் ஒட்டினால் துணியைத் தண்ணீரில் போடவே வேண்டாம்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வலது கையால் தைப்பவர்களுக்கு இடது பக்கத்திலிருந்து பகல் வெளிச்சம் விழ வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையை நிமிர்த்தித் தூரத்து வேப்பமரத்தைப் பாருங்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடக் கூச்சப்படாதீர்கள்.

நாலாவது கணக்கு

இனிதான் நான் முதலில் சொன்ன முக்கியமான கணக்கு.

எங்கள் தெருவில் ஒரு மதினி இருக்கிறார். கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். சட்டத்தில் ஒவ்வொரு குச்சியையும் அதனதன் வரியில் வைத்துப் பழகிய விரல். அதனால் கட்டம் எண்ணுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேலே சொன்ன அளவில் ஒரு மயிலைப் பின்னணியோடு முழுதாகத் தைத்தார். மாமியார் தினமும், "இம்புட்டு நேரம் குனிஞ்சு கெடந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? காசா வருது?" என்பார். மதினி பதில் சொல்லமாட்டார். பத்தாவது படிக்கும் மகள் மட்டும் ஒரு நோட்டுப் போட்டு, அம்மா தைத்த நேரத்தைத் தினமும் குறித்து வந்தாள்.

சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு மயில் பிடித்துப் போனது. "மதினி, இதை எனக்குக் குடுத்துருங்க. 500 ரூபாய் வச்சுக்கோங்க. நூல் காசுக்கு மேலயே வருதே!" என்றாள். அவள் மேல் தப்பில்லை. நம் வேலைக்கு நாமே நூல் காசை மட்டும்தானே கணக்குச் சொல்கிறோம்?

மகள் நோட்டை எடுத்து வந்தாள். மொத்தம் 146 மணி நேரம். "சித்தி, 500ஐ 146ஆல வகுத்தா மணிக்கு மூணரை ரூவா கூட வரலை. அதுலயும் நூல் காசு கழிக்கல" என்றாள். வீடே கொஞ்ச நேரம் பேசவில்லை. காசா வருது என்று கேட்ட மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "களையெடுக்கப் போனாக்கூட இதுக்கு மேல தருவானே!"

மயிலை மதினி விற்கவில்லை. அது அவர் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அந்தச் சென்னைப் பெண் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்து சின்னதாக ஒரு படம் கேட்டாள். 40க்கு 40 கட்டம், 1,600 தையல், 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. காட்டு வேலைக்குக் கிடைக்கும் நாள் கூலியை எட்டால் வகுத்து ஒரு மணிக்கு இவ்வளவு என்று வைத்து, அதனுடன் துணியும் நூலும் சேர்த்து விலை சொன்னார் மதினி. அவளும் பேரம் பேசாமல் அனுப்பி வைத்தாள். எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு வரவில்லை.

தையல் காசுக்கு எவ்வளவு பெரிய வேலை செய்ய முடியும் என்பதற்கு நம் தென்கோடியிலேயே சாட்சி உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷனரிகளின் குறிப்புகள் சொல்கின்றன. அந்த அம்மையாரின் மகள் எலைசா, கால்டுவெல் பாதிரியாரை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்.

இதை வைத்துக் கோட்டை கட்டலாம் என்று நான் சொல்லவில்லை. கட்டம் எண்ணித் தைத்துக் குடும்பம் நடத்துவது லேசில்லை. விற்கவே வேண்டும் என்றும் இல்லை. மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம், சும்மா நம் சந்தோஷத்துக்கும் தைக்கலாம். ஸ்காட்லாந்து அரசி மேரி, இங்கிலாந்தில் 19 வருடம் காவலில் இருந்தபோது கேன்வாஸில்தான் தைத்துக்கொண்டிருந்தாள். 1587இல் அவள் தலை போனது. தைத்த துணிகள் இன்றும் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால் விற்றாலும் கொடுத்தாலும் வைத்துக்கொண்டாலும், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சமைத்தது சாப்பிட்டால் தீர்ந்தது, துவைத்தது மறுநாள் அழுக்கானது. வீட்டில் நாம் செலவழிக்கும் நேரம் எதற்கும் கணக்கு இல்லை என்று ஆகிவிட்டது. இந்த ஒரு வேலையில் மட்டும் ஒவ்வொரு நிமிடமும் கட்டமாக எதிரே நிற்கிறது. யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

பாதியில் நிற்கும் துணி வைத்திருப்பவர்கள் மிச்சக் கட்டத்தை எண்ணுங்கள். உங்கள் கை வேகத்தால் வகுங்கள். நாற்பது மணி நேரம்தான் என்று வந்தால் துணிந்து உட்காருங்கள். நூல் நிறம் கிடைக்காவிட்டால் பின்னணியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் முடியுங்கள். முந்நூறு மணி நேரம் என்று வந்தால், முடிந்த பகுதியை மட்டும் வெட்டித் தலையணை உறையில் வைத்துத் தைத்துவிடுங்கள். அதிலும் குறைவில்லை.

முடித்த பிறகு கீழ் மூலையில் உங்கள் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் தைக்க மறக்காதீர்கள். இங்கிலீஷ் எழுத்து 7 கட்ட உயரத்தில் அடங்கிவிடும். நம் தமிழ் எழுத்தின் சுழிக்கு 11 கட்டமாவது வேண்டும். அந்த இடத்தையும் கிராஃப் பேப்பரிலேயே முதலில் ஒதுக்கிவிடுங்கள், தோழியரே. கடைசியில் இடமில்லை என்று நம் பெயரைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்!

- கரிசல் மண் வாசகி, கோவில்பட்டி.